கை நீட்டும் தூரம்



ஒரு சிறு நகரம் தன் மக்களுக்குப் பாதுகாப்பான குடிநீரை எப்படித் தருகிறது என்று பேசச் சொன்னார்கள். எடுத்துக்காட்டாக மதுரையை எடுத்துக்கொள்கிறேன் என்றேன். மதுரை சிறு நகரமா என்று வாசலிலேயே ஒரு நண்பர் சண்டைக்கு வந்துவிட்டார். பெருமை கொஞ்சம், கேலி கொஞ்சமாக இந்த ஊரை நாமே 'பெரிய கிராமம்' என்றுதான் சொல்லிக்கொள்கிறோம். அந்தத் துணிச்சலில் பேச வந்திருக்கிறேன்.

மதுரையில் தண்ணீரைப் பற்றிப் பேச வருகிறவர் குண்டோதரனைக் கும்பிடாமல் தொடங்க முடியாது. மீனாட்சி கல்யாணத்தில் சமைத்துக் குவித்த சோற்றையெல்லாம் ஒருவனே தின்று தீர்க்கிறான். தின்றபின் தாகம். ஊரிலிருந்த கிணறு, குளம் எல்லாவற்றையும் குடித்தும் அடங்கவில்லை. கடைசியில் இறைவன் 'கையை வை' என்கிறான். வைத்த இடத்தில் ஆறு பெருகுகிறது. வைகை என்ற பெயருக்கு மக்கள் சொல்லும் காரணம் அது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடல் புராணத்தில் இதற்கென ஒரு படலமே இருக்கிறது. பெயர்க் காரணம் சரியா என்பது மொழியறிஞர்கள் பாடு. எனக்கு அந்தக் கதையில் பிடித்தது வேறு. தாகம் எடுத்தவன் எங்கும் போகவில்லை. இருந்த இடத்தில் கையை நீட்டினான்.

நான் பிறந்தது சோழவந்தான் பக்கம். கோடையில் வைகை எங்களுக்கு மணல்தான். அந்த மணலில் கைவைத்தால் தண்ணீர் வரும் என்பது எங்களுக்குக் கதையாகத் தெரியவில்லை. தினமும் செய்கிற வேலை. அப்பத்தா குடத்தோடு போவாள், நான் சிரட்டையோடு பின்னால் போவேன். முழங்கை ஆழம் தோண்டினால் ஊத்துச் சுரக்கும். அப்பத்தாவிடம் இரண்டு சட்டங்கள் இருந்தன. ஒன்று, 'துறைக்கு மேலாலதான் தோண்டணும்.' ஆடு மாடு இறங்குகிற இடம், துணி வெளுக்கிற இடம், இவற்றுக்குக் கீழே ஒருபோதும் தோண்டக்கூடாது. இரண்டு, 'மொதத் தண்ணிய இறைச்சுக் கொட்டு.' கலங்கிய முதல் நீரை வெளியே இறைத்துவிட்டு, தெளிந்து ஊறும்வரை குத்தவைத்துக் காத்திருக்க வேண்டும். அதன்பிறகு சிரட்டையால் மொண்டு, வேட்டித் துணியில் வடிகட்டிக் குடத்தில் ஊற்றுவாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். முப்பது ஆண்டுகள் நான் கல்லூரியில் வேதியியல் சொல்லிக் கொடுத்தேன். குடிநீர்ப் பாதுகாப்பு பற்றிய பாடநூல்களில் முதல் அத்தியாயத்தில் இருப்பதும் இந்த இரண்டுதான்: மூலத்தைக் கெடாமல் காப்பது, தேங்கிக் கிடந்ததைக் கழித்துவிடுவது.

நகரம் செய்ததும் இதே வேலையைத்தான், பெரிய அளவில். 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் மதுரை நகராட்சி ஆற்றுப் படுகையிலிருந்து நீர் எடுத்து ஊருக்குள் குழாயில் விடத் தொடங்கியது. அதற்கு முன் கோயில் குளங்களும் தெருக் கிணறுகளும்தான். திருவிழாக் கூட்டம் கலைந்ததும் காலரா வரும் என்பது அன்றைய மதுரைக்குப் பழகிப்போன நியதி. லண்டனில் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் 1854-லேயே ஒரு தெருப் பம்பின் கைப்பிடியைக் கழற்றச் செய்து, காலரா தண்ணீர் வழியாக வருகிறது என்று காட்டியிருந்தார். அந்தச் செய்தி மதுரைத் தெருக்களுக்குக் குழாயாக வந்துசேர நாற்பது ஆண்டுகள் ஆயின. ஆரப்பாளையம், அரசரடி, கோச்சடை, மேலக்கால், எங்கள் ஊர்ப் பக்கத்துத் தச்சம்பத்து என்று நகரத்தின் நீரேற்று நிலையங்களும் படுகைக் கிணறுகளும் காலப்போக்கில் ஆற்றை எதிர்த்து மேலேறி வந்தன. கிழக்கே மணலூரிலும் திருப்புவனத்திலும் கிணறுகள் அமைந்தன.

படுகைக் கிணறு எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஆற்று மணல் வெறும் மணல் இல்லை. அது ஒரு சல்லடை. மேலே ஓடும் நீர் மணலின் இடுக்குகளில் மெல்ல இறங்கும்போது கலங்கல் தங்கிவிடுகிறது. கிருமிகளில் பெரும்பகுதியும் மணலில் ஒட்டி மடிகிறது. கீழே கிணற்றுக்கு வரும் நீர் ஏறக்குறையத் தெளிந்திருக்கும். கொஞ்சம் குளோரின் சேர்த்தால் போதும். கீழடியில் தோண்டியபோது ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட உறைகிணறுகள் வெளிப்பட்டதை நாமெல்லாம் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். சுடுமண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மணல் சரியாமல் நிறுத்தி, ஊறும் நீரை மொண்டிருக்கிறார்கள். ஆரப்பாளையத்துப் பொறியாளரும், கீழடிக்காரரும், எங்கள் அப்பத்தாவும் நம்பியது ஒரே மணலைத்தான்.

அந்த மணலை நாம் லாரியில் ஏற்றிவிட்டோம். படுகையில் மணல் இருக்கும்வரைதான் அது நீரைப் பிடித்துவைக்கும். களிமண் தெரியத் தோண்டிய இடத்தில் ஊத்து ஏது? சல்லடையும் போனது, தொட்டியும் போனது. வீடு கட்டுவதற்கு மணலை விற்ற ஊர், அந்த வீட்டுக்குத் தண்ணீர் தேடி எழுபது கிலோமீட்டர் போனது.

போன இடம் வைகை அணை. ஆண்டிபட்டிக்கு அருகில், காமராசர் முதலமைச்சராக இருந்தபோது கட்டி 1959 ஜனவரியில் திறந்த அணை. பாசனத்துக்காகக் கட்டியது. 71 அடி என்பது அதன் கொள்ளளவுக் குறி. மதுரைக்காரன் காலையில் செய்தித்தாளை விரித்ததும் தங்கம் விலைக்கு முன்னால் பார்ப்பது அந்த அடிக் கணக்கைத்தான். ஆற்று மணல் வற்றியதும் அணை நீரைப் பண்ணைப்பட்டிக்குக் கொண்டுபோய்ச் சுத்திகரித்து, அங்கிருந்து குழாயில் நகரத்துக்கு அனுப்பும் திட்டம் வந்தது. பிறகு அதே வழியில் இரண்டாவது திட்டமும் வந்தது. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு 11.5 கோடி லிட்டர்.

பண்ணைப்பட்டி போன்ற நிலையத்தில் நடப்பது மந்திரம் ஒன்றும் இல்லை. பழைய வீடுகளில் கலங்கல் தண்ணீர்ப் பானையில் தேத்தாங்கொட்டையை உரசிவிடுவார்கள், நினைவிருக்கிறதா? அங்கே அதற்குப் பதில் படிகாரம். முதலில் நீரைப் படிக்கட்டுபோல வழியவிட்டுக் காற்றோட்டம் தருகிறார்கள். பிறகு படிகாரக் கரைசல் கலந்து வேகமாகக் கலக்கி, அடுத்து மெதுவாகச் சுழற்றுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத கலங்கல் துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு திரண்டு அடியில் படிகின்றன. மேலே தெளிந்த நீர் மணல் படுகை வழியாக இறங்குகிறது. கவனியுங்கள், இங்கும் மணல்தான். ஆற்றில் தொலைத்ததைத் தொட்டியில் நிரப்பியிருக்கிறோம். கடைசியாக குளோரின். குளோரினுக்கு அரைமணி நேரமாவது அவகாசம் வேண்டும். கொன்று முடித்த பிறகும் கொஞ்சம் மிஞ்சியிருக்க வேண்டும். அந்த மிச்சம்தான் வழித்துணை. நம் நாட்டுத் தரநிர்ணயப்படி, வீட்டுக் குழாயில் பிடிக்கும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது அது இருக்க வேண்டும். 100 மில்லிலிட்டர் நீரில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக்கூடாது. இந்த இரண்டு எண்களையும் மாணவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருகிறேன்.

2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. அடுத்த கோடையில் அணை சேறும் குட்டையுமாகக் கிடந்தது. 2017 ஏப்ரலில் இருக்கிற நீர் ஆவியாகாமல் காப்பதற்கென்று தெர்மாகோல் அட்டைகளை ஒட்டி அணையில் மிதக்கவிட்டார்கள். காற்று கொஞ்ச நேரத்திலேயே அவற்றைக் கரைக்குத் தள்ளிவிட்டது. நாடே சிரித்தது. நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பு நமக்கு வசதியாக இருந்தது என்று தோன்றுகிறது. லாஸ் ஏஞ்சலஸில் ஒரு நீர்த்தேக்கத்தில் 9.6 கோடி கறுப்புப் பந்துகளை 2015-ல் மிதக்கவிட்டார்கள், அதை யாரும் இந்த அளவுக்குக் கேலி செய்யவில்லை. அவர்களுடைய முதல் நோக்கம் வெயில் பட்டு நீரில் வேண்டாத வேதிப்பொருள் உருவாகாமல் தடுப்பது, ஆவியாதல் அடுத்ததுதான். ஆக யோசனை அத்தனை பைத்தியக்காரத்தனம் இல்லை, செய்த விதம்தான் அப்படி. ஆனால் நாம் தெர்மாகோலைப் பார்த்த அளவுக்கு அணையின் தரையைப் பார்க்கவில்லை. பத்து லட்சம் பேர் ஒரே ஒரு நீர்த்தேக்கத்தை நம்பிக் குடத்தோடு நிற்கிறோம் என்பது அன்று கேலிப்படங்களில் இல்லை.

அரசு பார்த்தது. இன்னும் மேலே போவோம் என்றது. 1895-ல் பென்னிகுவிக் கட்டி முடித்த பெரியாறு அணை, மேற்கே ஓடிய ஆற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய கதை தென்மாவட்டத்துக் குழந்தைகளுக்குத் தாலாட்டோடு சேர்ந்து வருவது. அந்த நீர் குமுளி மலையிலிருந்து இறங்கி லோயர் கேம்ப்பில் மின்சாரம் தந்துவிட்டு முல்லையாறாக ஓடுகிறது. அந்த லோயர் கேம்ப்பிலேயே நீரை எடுத்து, பண்ணைப்பட்டியில் சுத்திகரித்து, மதுரைக்கு நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டத்துக்கு 2020 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். மதிப்பீடு 1,295 கோடி ரூபாய். குழாயின் நீளம் சுமார் 150 கிலோமீட்டர்.

கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் எதிர்த்தார்கள். அங்கே 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்த ஆற்றை நம்பியிருக்கிறது. அவர்கள் சொன்னதில் 'மதுரைக்குத் தண்ணீர் தரமாட்டோம்' என்ற பேச்சு இல்லை. 'ஆற்றில் விடுங்கள், அது எங்கள் கண்முன்னால் ஓடி வைகை அணைக்கு வரட்டும், அங்கே எடுத்துக்கொள்ளுங்கள்' என்றார்கள். குழாய்க்குள் போனால் எவ்வளவு போகிறது என்று யாருக்குத் தெரியும்? பொறியாளர்களின் பதில்: ஆற்றில் விட்டால் வழியில் மணலும் வெயிலும் குடிப்பது ஒரு பங்கு, வழியிலுள்ள ஊர்களின் சாக்கடை கலப்பது மறு பங்கு. இரண்டு தரப்பும் சொல்வது உண்மை. நான் மதுரைவாசி. ஆனாலும் ஆற்றங்கரை ஊரில் பிறந்தவன் என்பதால், அந்த விவசாயியின் பயம் எனக்குப் புரிகிறது. எங்கள் ஊர் மணலுக்கு நகரத்தின் கிணறு வந்தபோது எங்களிடம் யாரும் கேட்கவில்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். அதற்குமுன் ஒரு சின்னக் கணக்கு. 11.5 கோடியும் 12.5 கோடியும் சேர்ந்தால் 24 கோடி லிட்டர். 2011 கணக்கெடுப்பில் மதுரையும் ஒட்டிய ஊர்களும் சேர்ந்த மக்கள்தொகை சுமார் 14.65 லட்சம். இன்று பதினெட்டு லட்சம் என்றே வைத்துக்கொள்வோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 133 லிட்டர் வருகிறது. பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு நம் நாட்டில் வகுத்திருக்கும் அளவு 135 லிட்டர். படுகைக் கிணறுகளையும் ஆழ்துளைக் கிணறுகளையும் நான் சேர்க்கவே இல்லை. அதாவது காகிதத்தில் நமக்குத் தண்ணீர்ப் பஞ்சம் கிடையாது. பிறகு ஏன் இந்த ஊரில் 'இன்னைக்கு நல்ல தண்ணி வருமா?' என்ற கேள்வி இத்தனை ஆண்டுகளாக ஓயவில்லை?

விடை கடைசி ஐம்பது மீட்டரில் இருக்கிறது. நாம் 150 கிலோமீட்டர் போய்விட்டோம், அந்த ஐம்பது மீட்டரைக் கவனிக்கவில்லை.

நான் வேலையில் இருந்தபோது ஆண்டுதோறும் இளநிலை மாணவர்களுக்கு ஒரு களப்பணி கொடுப்பேன். கையில் ஆர்த்தோ டாலிடின் குப்பியோடு ஒரு மேல்நிலைத் தொட்டியின் அடியில் தொடங்கி, அந்தத் தொட்டி நீர் போகும் கடைசித் தெருவரை நடக்க வேண்டும். குழாய்நீரில் இரண்டு சொட்டு விட்டால் குளோரின் இருக்கும் அளவுக்கு மஞ்சள் நிறம் வரும். அந்த மருந்து உடம்புக்குக் கேடு என்று பிற்பாடு தெரிந்தது. இப்போது இளஞ்சிவப்பு நிறம் காட்டும் வேறு மாத்திரை வந்துவிட்டது. தொட்டிக்கு அடியில் மஞ்சள் பளிச்சென்று இருக்கும். நடுத் தெருவில் எலுமிச்சைச் சாற்றில் தண்ணீர் விட்டதுபோல. கடைக்கோடித் தெருவில் ஒன்றுமே இருக்காது. ஒருமுறை அப்படி ஒரு தெருவில் ஓர் அம்மா எங்கள் சோதனைக் குழாயைப் பார்த்துவிட்டு, 'நெறமே வரலையே, அப்ப எங்க தண்ணிதான் சுத்தம், இல்லையா தம்பி?' என்று கேட்டார். மாணவனுக்கு வாயடைத்துப் போனது. வழித்துணை வழியிலேயே செத்துவிட்டது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

ஏன் சாகிறது? குழாயில் எந்நேரமும் நீர் அழுத்தத்தோடு நின்றால், விரிசல் இருந்தாலும் நீர் வெளியேதான் கசியும். உள்ளே எதுவும் வராது. நாம் செய்வது என்ன? இரண்டு நாளுக்கு ஒருமுறை, கோடையில் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை, ஒன்றிரண்டு மணி நேரம் திறந்துவிட்டு அடைக்கிறோம். அடைத்ததும் குழாயில் இருக்கும் மிச்ச நீர் தாழ்வான வீடுகளுக்கு வடிகிறது. வடிந்த இடத்தில் வெற்றிடம். வெற்றிடம் உறிஞ்சும். பழைய தெருக்களில் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் அண்ணன் தம்பிபோல ஒரே பள்ளத்தில் படுத்திருக்கின்றன. மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். போதாக்குறைக்கு வீட்டுக்கு வீடு குழாயில் நேரடியாக மோட்டார் மாட்டி உறிஞ்சுகிறோம். அது சட்டப்படி குற்றம். செய்யாதவர் யார்? தன் வீட்டுக்கு நாலு குடம் கூடுதலாக வரட்டும் என்று போடும் மோட்டார், தெருவின் சாக்கடையையும் சேர்த்துத்தான் இழுக்கிறது. குழாயடிச் சண்டை என்று பெண்களைக் கேலி செய்து எத்தனை நகைச்சுவை எழுதியிருக்கிறோம். அது வீட்டுக்குள் போய் மோட்டாராக மாறியபின் ஆண்கள் யாரும் அதைப் பற்றி எழுதவில்லை.

அடுத்தது நம் வீட்டுத் தொட்டி. தண்ணீர் தினம் வராது என்பதால் தரைத்தொட்டி, அதிலிருந்து மாடியில் சின்டெக்ஸ். வெயிலில் இரண்டு நாள் நின்றால் குளோரின் பறந்துவிடும். தொட்டியைக் கழுவி எத்தனை மாதமாயிற்று என்று இந்த அவையில் கேட்டால் பாதிப்பேர் கூரையைப் பார்ப்பீர்கள். ஆக, மலையிலிருந்து கொண்டுவந்து படிகாரமும் குளோரினும் போட்டுச் சுத்தம் செய்த நீரை, கடைசிப் படியில் நாமே குட்டைநீராக்கிவிட்டு, குடிப்பதற்குக் கேன் வாங்குகிறோம். இருபது லிட்டர் கேன் வாங்க முடியாத வீட்டில் அதே குழாய் நீர்தான், காய்ச்சுவதற்குக் கேஸ் மிஞ்சினால் காய்ச்சி. ஒரே ஊரில் ஒரே அணையின் தண்ணீரை இரண்டு சாதியாக்கியிருக்கிறோம்.

சாதி என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. மதுரையைச் சுற்றிய சமவெளியில் குடிக்க ஊருணி இருந்தது. ஊர் உண்ணும் நீர், அதனால் ஊருணி. வள்ளுவரே அறிவுடையவன் செல்வத்துக்கு உவமை சொல்ல ஊருணியைத்தான் எடுத்தார். செருப்போடு இறங்கக்கூடாது, குளிக்கக்கூடாது, மாடு இறக்கக்கூடாது என்று ஊரே காவல் இருந்தது. அருமையான ஏற்பாடு. ஆனால் அந்த ஊர் என்ற சொல்லுக்குள் சேரி இல்லை. எத்தனையோ ஊருணிகளில் தலித் மக்கள் இறங்க முடியாது. யாராவது மனமிரங்கி மொண்டு ஊற்றும்வரை காத்திருந்தார்கள். குழாய் வந்தபோது அது இந்த அவமானத்துக்கு முடிவு என்று நம்பினோம். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. குடிநீர்ப் பாதுகாப்பு என்று எந்த அவையில் பேசினாலும் நான் வேங்கைவயலைச் சொல்லாமல் இறங்குவதில்லை. ஈ.கோலை சோதனை காட்டும் கிருமி எங்கிருந்து வந்தது என்பதைச் சோதனைக் குழாய் காட்டாது.

சரி, கடைசி ஐம்பது மீட்டரை வென்றவர்கள் உண்டா? உண்டு. அவர்கள் நம்மைவிடப் பணக்காரர்களும் இல்லை.

கம்போடியாவின் புனோம் பென் நகரம். போரில் சிதைந்த ஊர். 1993-ல் எக் சொன் சான் என்ற பொறியாளர் அங்கே குடிநீர் நிறுவனத்தின் பொறுப்பை ஏற்றபோது, அனுப்பிய நீரில் 72 சதவீதத்துக்குக் கணக்கே இல்லை. கசிவு, திருட்டு, காசு கட்டாத பெரிய மனிதர்கள். அவர் வீடுவீடாக மீட்டர் வைத்தார். ஒரு ராணுவத் தளபதியின் வீட்டுக்கு மீட்டர் வைக்கப் போனபோது அந்தத் தளபதி அவர் தலையில் துப்பாக்கியை வைத்தார் என்பது பின்னாளில் அவரே சொன்னது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் கணக்கில்லாமல் போகும் நீர் ஆறேழு சதவீதத்துக்கு இறங்கியது. 24 மணி நேரமும் குழாயில் நீர். அதைக் காய்ச்சாமல் குடித்தார்கள். 2006-ல் அவருக்கு மகசேசே விருது தந்தார்கள். புதிய அணை எதையும் அவர் கட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். ஓட்டையை அடைத்தார்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்பவர்களுக்கு ஒடிசாவின் புரி. இரண்டரை லட்சம் மக்கள், அதோடு தேர்த் திருவிழாவுக்கு வரும் கூட்டம். மதுரையைப் போலவே கோயிலைச் சுற்றிய ஊர். 2021 ஜூலை 26 முதல் அங்கே குழாய் நீரை அப்படியே குடிக்கலாம், எந்நேரமும் வரும் என்று அறிவித்தார்கள். எனக்கு அங்கே பிடித்தது 'ஜலசாத்தி' என்ற பெண்கள் படை. சுய உதவிக் குழுப் பெண்கள் வீடுவீடாகப் போய் மீட்டர் பார்க்கிறார்கள், கட்டணம் வாங்குகிறார்கள், அங்கேயே உங்கள் கண்முன்னால் நீரைச் சோதித்துக் காட்டுகிறார்கள். நான் மாணவர்களை அனுப்பினேனே, அந்த வேலையை அவர்கள் சம்பளத்தோடு செய்கிறார்கள்.

மதுரையிலும் புதிய குழாய், புதிய மேல்நிலைத் தொட்டி, பகுதி பகுதியாகப் பிரித்து அழுத்தம் பார்ப்பது என்று வேலை நடக்கிறது. 2011-ல் மாநகராட்சி 52 சதுர கிலோமீட்டரிலிருந்து 148 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது, 72 வார்டு 100 வார்டானபோது, சேர்ந்த ஊர்களில் பலவற்றில் குடிநீர்க் குழாயே சரியாக இல்லை. அங்கெல்லாம் இப்போதுதான் பள்ளம் தோண்டுகிறார்கள். தெருவெல்லாம் புழுதி என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். என்னைக் கேட்டால், அந்தப் பள்ளத்தில் குனிந்து குழாயை இணைக்கிறவர் கையில்தான் 1,295 கோடியின் பலன் இருக்கிறது. இணைப்பில் ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டால் பெரியாற்று நீரும் சாக்கடை நீர்தான். தெரு வால்வைத் திறந்து மூடுகிறவரை நாம் 'தண்ணி திறக்கிறவர்' என்று சொல்வதோடு சரி. எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குக் கலங்கலாக வரும் என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு எந்தக் கணினிக்கும் தெரியாது. அதை அவரிடம் கேட்டு யாரும் எழுதிவைத்ததில்லை.

அப்பத்தாவின் முதல் சட்டத்தை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். துறைக்கு மேலாகத் தோண்ட வேண்டும் என்றாளே. மணலூரும் திருப்புவனமும் எங்கே இருக்கின்றன? நகரத்துக்குக் கிழக்கே, ஆற்றின் போக்கில் நமக்குக் கீழே. பந்தல்குடிக் கால்வாய் போன்றவை ஊரின் கழிவைச் சுமந்து வைகையில் இறங்கிய பிறகு ஆறு அந்தப் பக்கம் போகிறது. கிருதுமால் என்று ஒரு நதி இந்த ஊருக்குள் ஓடியது. இன்றைய பிள்ளைகள் அதைச் சாக்கடையின் பெயர் என்று நினைக்கிறார்கள். சக்கிமங்கலத்திலும் அவனியாபுரத்திலும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. ஆனால் அங்கே போய்ச் சேராத சாக்கடை ஆற்றுக்குத்தான் வருகிறது. நாம் கொட்டியதற்குக் கீழே நாமே ஊத்துத் தோண்டியிருக்கிறோம். படுகை மணல் தாங்கும்வரை தாங்கும்.

கண்மாய்களைப் பற்றித் தனியாகப் பேச ஒரு சொற்பொழிவு வேண்டும். உலகனேரிக் கண்மாயில் உயர்நீதிமன்றக் கிளை நிற்கிறது, தல்லாகுளம் கண்மாயில் மாநகராட்சி மாளிகையே நிற்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நீதிக்கும் குழாய்க்கும் பொறுப்பான இரண்டு இடங்கள். ஒரு நல்ல செய்தி மட்டும். 1645-ல் திருமலை நாயக்கர் வெட்டிய வண்டியூர் தெப்பக்குளம் பல ஆண்டுகள் காய்ந்து கிடந்தது. நடுமண்டபத்தைச் சுற்றிப் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். பனையூர்க் கால்வாயைச் சரிசெய்து வைகை நீரைச் சில ஆண்டுகளுக்கு முன் உள்ளே விட்டார்கள். சுற்றுத் தெருக்களில் ஆழ்துளைக் கிணறுகள் உயிர்பெற்றன. அந்த நீரைக் குடிக்க முடியாது. ஆனால் துவைக்க, கழுவ, குளிக்க அது போதுமென்றால், மலையிலிருந்து வரும் நீரைக் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். முன்பு ஒவ்வொரு வீட்டிலும் 'உப்புத் தண்ணி', 'நல்ல தண்ணி' என்று இரண்டு பானை இருந்ததே, அது ஏழ்மையின் அடையாளம் என்று நினைத்து விட்டுவிட்டோம். அது கணக்குத் தெரிந்தவர்களின் ஏற்பாடு.

ஒன்றைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். சொற்பொழிவுக்குச் சீக்கிரமே வந்துவிட்டேன். இந்த அரங்கின் பின்புறம், கைகழுவும் இடத்துக் குழாயில் ஒரு குப்பி நீர் பிடித்தேன். மாத்திரையைப் போட்டேன். நிறம் வரவில்லை. காவலரிடம் தொட்டி எப்போது நிறைந்தது என்று கேட்டேன். 'செவ்வாய்க்கெழம வந்துச்சு சார்' என்றார். இன்று வெள்ளி. குழாயில் வந்தபோதே குளோரின் இல்லையா, அல்லது மூன்று நாள் தொட்டியில் கிடந்து போனதா என்று இந்தக் குப்பியை வைத்துச் சொல்ல முடியாது. அடுத்த தண்ணீர் ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு வருமாம். வாசல் குழாயில், முதல் தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டு, பிடித்துப் பார்க்க வேண்டும். கேட்டைத் திறந்து வைக்கிறேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். மாத்திரை என்னிடம் இன்னும் இருபது இருக்கிறது. வருகிறவர்கள் உங்கள் தெருத் தண்ணீரையும் ஒரு குப்பியில் கொண்டுவாருங்கள்.